கோலிக்குண்டுத் தட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

இத்துடன் இந்த வாரத் தூசி. நீ சொல்லிக் கொடுத்தபடியே மாடிக்குப் போய், தூசி பிடிக்க நீ வைத்துவிட்டுப் போன தகரத் தட்டில் பரப்பியிருக்கும் கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தட்டி, அடியில் சேர்ந்ததை வழித்துக் காகிதத்தில் மடித்திருக்கிறேன். நேற்றுப் பொட்டலத்தோடு தபால் ஆபீஸுக்குக் கிளம்பினால், எதிர் வீட்டுத் தையல்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, இந்த வாரம் எவ்வளவு குப்பை வித்தே?" என்கிறார். "என் தங்கச்சி பெரிய படிப்பு படிக்குதுக்கா, வீட்டுப்பாடம் நான் செய்யறேன்" என்றேன். தெருவே சிரித்தது.

போனில் பேசினால் நீ வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். பொட்டலம் எப்படியும் தபாலில் வரத்தான் போகிறது, கூடவே ஒரு தாளும் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏரி இன்னும் உள்ளே போய்விட்டது. நான் படகு ஓட்டிய துறையில் நின்றால் தண்ணீர் தெரிவதில்லை, வெளுத்த உப்புத் தரைதான் தெரிகிறது. காற்றடித்தால் அந்தத் தரையே எழுந்து ஊருக்குள் வருகிறது. தண்ணீரில் படகு ஓட்டியவன் இப்போது தண்ணீரை லாரியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

உன் அண்ணிக்கு இருமல் விடவில்லை. "புழுதி ஆகாது, இடத்த மாத்துங்க" என்கிறார் டாக்டர். இடம் என்ன சட்டையா, கழற்றி மாட்ட? ஆனால் மேட்டில் வீட்டு வசதி வாரியம் கட்டியிருக்கும் வீடுகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. புழுதி அதிகம் விழும் தெருக்களைக் காற்றுக் காலத்துக்கு முன்பே அங்கே மாற்றுவார்களாம். எந்தெந்தத் தெரு என்பதை உங்கள் பல்கலைக்கழகத் துறை கொடுக்கும் கணக்கை வைத்து முடிவு செய்வார்களாம். அப்படியென்றால் என் தங்கை கையில்தானே இருக்கிறது! நம் தெரு வந்துவிடும் அல்லவா? ஒரு வரி எழுதிப் போடு, அவளிடம் காட்ட வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

பொட்டலம் கிடைத்தது. காகிதத்தை இவ்வளவு அழகாக மடிப்பது நீ இல்லை, அண்ணிதான் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இரண்டு வழிகாட்டிகள் என்று சொன்னேன் அல்லவா? மண் வாத்தியார் எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் நம்புவார். ஜன வாத்தியார் எதையும் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் நம்புவார். நிலம் மாறுவதையும் அதனால் மனிதர் வாழ்க்கை மாறுவதையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய துறை இது. ஆனால் இவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான் என் பாடு. பாதி நாள் தராசு முன்னால் நிற்கிறேன். பாதி நாள் வீடு வீடாகக் கேட்டு வந்த பேச்சையெல்லாம் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பத்தியை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நம் தெரு வராது அண்ணா. தட்டு வைத்த தெருக்களிலேயே நம் தெருவில்தான் தூசி மிகக் குறைவு. கொஞ்சம் குறைவு என்றால்கூட ஏதாவது பேசிப் பார்க்கலாம்; மற்ற தெருக்களுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. பள்ளிக்கூடத்து உயரமான சுவர் காற்றை மறிக்கிறது என்று மண் வாத்தியார் நினைக்கிறார். தெருவுக்கு ஒரு தட்டுதான். யாரும் கை வைக்காத இடமாக இருக்கட்டும் என்று நம் தெருவுக்கு நம் மாடியையே நான் தேர்ந்தெடுத்தேன். அதனால் அந்தக் கணக்கை என்னால் சந்தேகிக்க முடியவில்லை.

அடுத்த பட்டியலில் பார்க்கலாம். அதுவரை அண்ணியை வெந்நீர் குடிக்கச் சொல். ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டு.

உன் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். நம் தெருவில்தான் தூசி குறைவு என்ற இடம் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. "பாத்தீங்களா, நம்ம வீடுதான் சுத்தம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை அவளிடம் காட்ட முடியவில்லை. அதனால் இங்கே காட்டுகிறேன்.

பள்ளிக்கூடத்துச் சுவர் காற்றை மறிக்கிறதா? காலையில் லாரிக் கண்ணாடியில் விரலால் என் பெயரை எழுதலாம், அவ்வளவு புழுதி. தையல்கார அக்கா வெள்ளைத் துணி தைக்க வாங்குவதையே விட்டுவிட்டார். அவர் வீட்டுக்காரரும் இப்போது படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். இதெல்லாம் உன் தராசுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? இந்தத் தெருவில்தானே நீ சைக்கிள் பழகி விழுந்தாய்.

யாரோ ஊர் பேர் தெரியாதவன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். நீ போட்டிருக்கிறாய். யாரிடம் போய்ச் சொல்ல?

நான் இப்படி எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், "படிச்ச புள்ள தப்பாவா எழுதும்?" என்று என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணனுக்கு,

பட்டியல் போன வாரமே வாரியத்துக்குப் போய்விட்டது. நம் தெரு அதில் இல்லை.

நம் வீடு என்பதாலேயே நான் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. என் அண்ணன் லாரிக் கண்ணாடியில் பெயர் எழுதுகிறார் என்று சொல்லி ஒரு தெருவைச் சேர்த்தால், அந்த இடத்தில் இருக்க வேண்டிய வேறொரு தெரு விட்டுப்போகும். அங்கேயும் யாருக்கோ அண்ணி இருப்பாள். இதை நீ யோசித்தாயா?

எனக்கு மட்டும் இங்கே தூக்கம் வருகிறது என்று நினைக்காதே. உனக்குப் பொட்டலம் அனுப்பப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். அனுப்புவதாக இருந்தால் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை.

தங்கை


மே 30

அண்ணா,

பொட்டலங்கள் வருகின்றன. ஒன்றிலும் ஒரு வார்த்தை இல்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான், தெரியும். ஒவ்வொன்றையும் பிரித்து, உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைக்கிறேன்.

போன் செய்தால் எடுப்பதில்லை. அண்ணியின் போனுக்குச் செய்தால், "நல்லா இருக்கேன் பாப்பா, சாப்பிட்டியா? அங்க வெயில் ரொம்பவா?" என்கிறார். பேச்சுக்கு நடுவில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுவது கேட்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்றால், "அவருக்கு வேற வேலை இல்ல" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

உண்மையைச் சொல். எப்படி இருக்கிறார்?

தங்கை


ஜூன் 16

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. காற்றுக் காலம் சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பக்கம் போகவில்லை, அதனால் பொட்டலம் கிடையாது.

பரீட்சை இருப்பதால் உன்னிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் குரலைக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அண்ணன்


ஜூலை 20

அண்ணா,

ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஊர் என்று இதைச் சொல்ல வாய் வரவில்லை. அறைக்குத் திரும்பிவிட்டேன்.

உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே கிளம்பினேன். ஆனாலும் அண்ணியை நான் உயிரோடு பார்க்கவில்லை. அங்கிருந்த நாட்களில் நீ என்னோடு பேசவும் இல்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ என்னிடம், வந்து போகிற விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி "சாப்பிடுங்க" என்று சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். டப்பாக்களெல்லாம் உயர வரிசைப்படி இருந்தன. ஒன்றை எடுத்து, பழையபடி அதே இடத்தில் வைக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாய்.

நான் போட்ட கணக்கு சரி அண்ணா. அது சரியாக இருந்தும் அண்ணி போய்விட்டார். இதை எப்படி எழுதுவது என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

இத்துடன் ஒரு பொட்டலம். கையில் வாங்கும்போதே கனம் தெரியும். தபால்காரரிடம் நின்று பிரிக்காதே, அறைக்குப் போய்ப் பிரி.

அவள் போன பிறகு நான் மாடிக்கு ஏறவே இல்லை. ஒரு நாள் தட்டைச் சுத்தமாக்கி வைத்துவிட்டு, சரியாக ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறினேன். கோலிக்குண்டுகள் கண்ணுக்கே தெரியவில்லை. மாவு கொட்டி வைத்தது போல் இருந்தது. பக்கத்தில் யாரோ சுவரை இடித்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். எந்தச் சுவரும் இடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குழாயைத் தள்ளிவிட்டு அவள் கேட்டாள்: "ஏங்க, மாடியில தட்டத் துடைச்சீங்களா? நான் இல்லன்னு அப்படியே விட்டுடாதீங்க. பாப்பா படிப்புல நம்ம வீடுதான் குப்பைன்னு வந்துடும்." காய்ச்சலில் ஏதோ புலம்புகிறாள் என்று நினைத்து, "துடைச்சிட்டேன், நீ படு" என்றேன். அந்தப் பதிலில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி, தெரியுமா?

தினமும் காலையில் துணி காயப் போட ஏறும்போது ஈரத்துணியால் ஒவ்வொரு கோலிக்குண்டாகத் துடைத்திருக்கிறாள். அந்தத் துணிகூட இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ஏறும்போது இருந்தது அதற்கு முந்தின ஒரு நாளில் விழுந்தது மட்டும்தான். அதைத்தான் ஒரு வாரத் தூசி என்று உனக்கு மடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நாத்தனார் பார்க்கிற தட்டு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவள் துடைத்தாள். அதனாலேயே மேட்டு வீடு கிடைக்காமல் இங்கேயே கிடந்து செத்துப்போனாள்.

இத்தனை நாளும் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள்மேல் என்னால் முடியாது.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

எடை போட்டேன். இந்த வருடம் எந்தத் தெருவிலிருந்தும் ஒரே வாரத்தில் இவ்வளவு தூசி வந்ததில்லை.

பொட்டலத்தோடு நேராக மண் வாத்தியாரிடம் போனேன். அவர் தன் கையாலேயே இன்னொரு முறை எடை போட்டுப் பார்த்தார். பிறகு அவரே எழுந்துபோய் ஜன வாத்தியாரைக் கூட்டிவந்தார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல்தான் கேட்டார்: "எல்லா வீட்டுலயும் மாடிக்கு யார் போவாங்க, போய் என்ன செய்வாங்கன்னு கேட்டு எழுதியிருக்கியேம்மா. இந்த வீட்டுல யாரைக் கேட்டே?"

"எங்க வீடுதானேன்னு விட்டுட்டேன் சார்" என்றேன்.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் எப்போது கூட்டுகிறார்கள், எப்போது துடைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். தட்டைத் துடைக்கக் கூடாது என்று உனக்குச் சொன்ன நான் அவருக்குச் சொல்லவில்லை. துடைத்தது அவர் தப்பே இல்லை அண்ணா. இதை நீ நம்ப வேண்டும்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். அடுத்த பட்டியலில் நம் தெருவைச் சேர்க்கலாம் என்கிறார்கள். ஆனால் முதல் கணக்கு ஏன் தப்பாயிற்று என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாரியத்தார் தெருவில் கூட்டம் போட்டு வாசிப்பார்கள். தட்டு யார் வீட்டு மாடியில் இருந்தது என்று தெருவுக்கே தெரியும். நாம் மேட்டுக்குப் போகாததற்கு யார் காரணம் என்று பேச்சு வரும். தையல்கார அக்காவின் வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. எழுதவா, வேண்டாமா? நீ சொல்வதைக் கேட்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 30

தங்கைக்கு,

எழுது. இதில் கேட்க என்ன இருக்கிறது? தையல்கார அக்கா வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். இன்னொரு காற்றுக் காலத்தை அவர் இங்கே தாண்ட மாட்டார்.

ஆனால் அவள் செய்தாள் என்று எழுதாதே. நான் செய்தேன் என்று எழுது. இந்தத் தெருவில் ஒருத்தர்கூட அவளைப் பற்றி இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. நாளைக்கு யாருக்கு மூச்சு முட்டினாலும் அவளைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அவள் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன், என்னைத் திட்டட்டும். எனக்குத் தோல் தடிமன்.

அண்ணன்


அக்டோபர் 4

அண்ணா,

நீ சொன்னபடி என்னால் எழுத முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தப்புக் கணக்குக் கொடுத்தவள் நான். அதைத் திருத்தும் தாளிலேயே இன்னொரு பொய்யை எழுதக் கை வரவில்லை. அதற்காக அண்ணியையும் எழுதவில்லை. "தட்டில் சேர்ந்த தூசி நாள்தோறும் அகற்றப்பட்டு வந்தது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். ஆய்வாளர் கேட்கவில்லை" என்று எழுதினேன். இரண்டு வாத்தியார்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நம் தெரு பட்டியலில் வந்துவிட்டது.

என் ஆய்வில் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும். பட்டம் தள்ளிப்போகும். போகட்டும்.

கூட்டம் என்றைக்கு என்று தெரிந்ததும் சொல். நான் வந்து முன்னால் நிற்கிறேன். கேட்காமல் விட்டது நான். திட்டு வாங்க வேண்டியவளும் நான்தான். அண்ணியின் பேச்சு வராமல் பார்த்துக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம்.

தங்கை


நவம்பர் 22

அன்புள்ள தங்கைக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. தேதியை உனக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை.

வாரியத்து ஆள் உன் தாளை வாசித்தார். 'ஆய்வாளர் கேட்கவில்லை' என்பதெல்லாம் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "யாருய்யா தினமும் அகத்தினது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன். "நான்தான். தெனமும் சாயங்காலம் மாடியில காத்து வாங்கப் போவேன், தூசி மூஞ்சில பறக்குதேன்னு தட்டக் கவுத்துக் கொட்டிட்டேன். ஒட்டிக்கிட்டு இருந்தத மட்டும் வாரா வாரம் மடிச்சு அனுப்பினேன். தங்கச்சிகிட்ட சொல்லல" என்றேன். உன்னைப் பற்றியும் பேச்சு வராமல் இருக்கட்டும் என்று கடைசி வரியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அடிக்க வந்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் மறித்தார்கள். "கட்டின பொண்டாட்டியவே கொன்னுட்டியேடா" என்று ஒருவர் கத்தினார். அதைக் கேட்டு மட்டும் உட்கார்ந்துவிட்டேன். மற்றதையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது எல்லோரும் மேட்டுக்கு வந்துவிட்டோம். சாமான்களை என் லாரியில்தான் ஏற்றி இறக்கினேன். சாமானை ஏற்றினார்களே தவிர, என்னோடு முன்னால் உட்கார்ந்து ஒருவரும் வரவில்லை. இங்கே காற்று நன்றாக இருக்கிறது. தையல்கார அக்கா வீட்டுக்காரர் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்கிறார். அவர் மூச்சு விடுவதைத் தினமும் கடந்து போகும்போது பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் அண்ணி இருந்திருந்தால் இந்த வீட்டுத் தரையை என்ன பாடு படுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

முந்தாநாள் குழாயடியில் வாளி நிரம்பக் காத்துக்கொண்டிருந்தேன். தையல்கார அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசாமலே இருந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மகராசி வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருந்தா. உன்ன மாதிரி ஒரு குப்பைக்காரன்கூட எப்படித்தான் இத்தன வருஷம் குடும்பம் நடத்தினாளோ!"

"எனக்கும் அதுதான்க்கா தெரியல" என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன் அண்ணன்